பக்கத்துக் கதிரை

பலேர்மோவில் எங்களை எல்லாரும் இந்தியர் என்றுதான் சொன்னார்கள். பல்லரோ சந்தையில் மீன் விற்கிறவன் சொன்னான், பஸ்ஸில் பக்கத்தில் இருக்கிற கிழவி சொன்னாள், நான் வேலை செய்த வீட்டு சினோராவும் தன் சிநேகிதிகளிடம் என்னை அப்படித்தான் சொல்லிவைத்திருந்தார். முதல் வருஷம் சளைக்காமல் திருத்தினேன். யாழ்ப்பாணம் என்றேன், இலங்கை என்றேன், இந்தியாவுக்குக் கீழே உங்கள் சிசிலி மாதிரி ஒரு தீவு என்றுகூட விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அதுதான், இந்தியா என்று தலையாட்டுவார்கள். பிறகு எனக்கே அலுத்துவிட்டது. என் சிநேகிதி ஊரைவிட்டுப் போகுமுன் உன் வீட்டில் ஒரு இந்தியச் சாப்பாடு வேண்டும் என்று கேட்டபோது மறுபேச்சில்லாமல் ஓம் என்றேன்.

அவள் பலேர்மோவிலேயே பிறந்து வளர்ந்தவள், என் வயதுதான். சினோரா வீட்டுக்குச் செவ்வாயும் வெள்ளியும் உடுப்பு மினுக்க வருவாள். நான் கூட்டித் துடைத்து, சமைத்து, பாத்திரம் கழுவுகிற ஆள். அவள் அயன்பெட்டியைத் தவிர வேறொன்றையும் தொடமாட்டாள், அதில் அவளுக்கு ஒரு கர்வம். நாலு வருஷம் அந்தக் குசினியில் அவள் ஒரு பக்கம் ஆவி பறக்க மினுக்குவாள், நான் மறுபக்கம் வெங்காயம் வெட்டுவேன், இரண்டு பேரும் வாய் மூடமாட்டோம். என் இத்தாலியன் அவளோடு கதைத்துக் கதைத்தே ஓடத் தொடங்கியது. அதில் பாதி சிசிலியன் என்பது எனக்குத் தெரியாது. க்வெஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோருக்குப் பெர்மெஸ்ஸோ, அதுதான் இங்கே இருக்கிறதுக்கான அனுமதி, புதுப்பிக்கப் போய் நான் வாயைத் திறந்தால் அங்கிருக்கும் அலுவலர் சிரிப்பை அடக்கிக்கொண்டு குனிவார்.

எங்களுக்குள் இருந்த ஒரே பிணக்கு மத்தியானச் சாப்பாடு. சினோரா சாப்பிட்டு எழும்பியதும் எங்களுக்கு நேரம். அவள் குசினி மேசையில் இரண்டு தட்டு எடுத்து எதிரெதிரே வைப்பாள், தான் ஒரு பக்கம் இருப்பாள், என்னைப் பார்த்து "சியெதீத்தி" என்பாள். இரு என்று அர்த்தம். நான் "தோப்போ" என்பேன். பிறகு என்று அர்த்தம். அடுப்பைத் துடைக்க வேண்டும், சட்டியை ஊறவைக்க வேண்டும், சினோராவுக்குக் கோப்பி போட வேண்டும். அவள் கொஞ்ச நேரம் முள்ளுக்கரண்டியால் தட்டின் விளிம்பைத் தட்டிக்கொண்டிருப்பாள், பிறகு தனியே சாப்பிட்டுவிட்டு மினுக்கப் போய்விடுவாள். எல்லாம் முடிந்த பிறகு நான் என் தட்டை எடுத்து, கழுவுகிற தொட்டிக்குப் பக்கத்தில் நின்றபடி சாப்பிடுவேன்.

யாரும் என்னை அப்படிச் சாப்பிடச் சொல்லவில்லை. வேறு யாருக்காவது பசி இருக்கும்போது எங்கள் வீட்டுப் பெண்கள் தட்டெடுத்து இருந்ததை நான் கண்டதே இல்லை. வந்தவர், ஆம்பிளைகள், பிள்ளைகள் எல்லாரும் முடித்து, சட்டியில் என்ன மிச்சம் என்று பார்த்துத்தான் எங்கள் சாப்பாடு. எனக்கு அது ஒரு குறையாகவே தெரிந்ததில்லை. கல்யாணம் முடித்த பிறகும், கடல் கடந்து வந்த பிறகும் அப்படியே நடந்தேன். அவளுக்கு அது விளங்கவில்லை, நானும் விளக்க மினக்கெடவில்லை.

அந்த வருஷம் அவளுடைய புருஷனுக்குத் தொரீனோவில், வடக்கே ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. அவர் முன்னே போய்விட்டார். பள்ளிக்கூடம் விட்டதும் இவள் பிள்ளைகளோடு போகவேண்டும். செய்தியைச் சொன்ன அன்று அவள் அயன்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு என்னிடம் வந்தாள். அவள் சொன்னது இத்தாலியனில், ஆனால் எனக்கு அது எங்கள் தமிழில்தான் ஞாபகம் இருக்கிறது.

"உன்ரை வீட்டிலை ஒருநாள் சாப்பிட வாறன். ஆனா நீ என்னோடை இருந்து சாப்பிடவேணும். அதுதான் எனக்கு வேணும்."

பலேர்மோவைக் காக்கிற புனிதை சாந்தா ரொசாலியா மேல் சத்தியம் என்றேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மலையேறி அவவின் குகைக்கோயிலுக்குப் போய் மெழுகுதிரி கொளுத்தும் வழக்கம் எங்களில் எல்லாருக்கும் உண்டு. எங்களுக்கு அவவும் ஒரு அம்மன். அவ மேல் சத்தியம் என்றால் சும்மா வாய்ப்பேச்சு இல்லை என்று என் சிநேகிதிக்கும் தெரியும்.

நாங்கள் அப்போது பலேர்மோவுக்கு வெளியே, கடற்கரையோரம் ஸ்ஃபெர்ராகவால்லோவில் இருந்தோம். என் கணவர் அங்கே ஒரு மீன் சாப்பாட்டுக் கடையில் மீன் துப்புரவாக்குவதும் பாத்திரம் கழுவுவதுமாக வேலை. கடைக்குப் பின்தெருவில் இரண்டு அறை வீடு, பின்னால் சின்ன வளவு, அதில் உடுப்புக் காயப்போட ஒரு கயிறு. திங்கட்கிழமை கடை பூட்டு, ஆகவே திங்கள் பின்னேரம் விருந்து என்று முடிவாயிற்று.

இனி அந்த இந்தியச் சாப்பாட்டைச் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்தில் கோழி என்றால் கறி, அதற்கு மேல் யோசனை போனதில்லை. ஆனால் என் கணவருக்குத் திடீரென்று ஒரு ஞானம் வந்தது. இந்த ஊர்ச்சனம் விடுமுறை என்றால் வெளியே நெருப்பு மூட்டி இறைச்சி சுடுகிறது, நாங்களும் வளவில் சுடுவோம், மேலே எங்கள் தூளைப் போட்டால் இந்தியாவாகிவிடும் என்றார். அவருடைய கூட்டாளி ஒரு மொரீசியஸ்காரர், எந்தக் காலத்திலோ தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறியவர்களின் பரம்பரை. எப்போதோ ஒரு ஹோட்டலில் வேலை செய்தவர். இந்தியாவை அவரும் கண்ணால் கண்டதில்லை, ஆனாலும் கோழியைத் தயிரில் ஊறவைத்துச் சுடுவதுதான் அசல் முறை என்று அடித்துச் சொன்னார். யாழ்ப்பாணத் தூள், சிசிலித் தயிர், மொரீசியஸ் புத்தி. மூன்றையும் ஒன்றாய்ப் பிசைந்து இரவே கோழியை ஊறவைத்தேன். தொட்டுக்கொள்ளச் சம்பலும், நெருப்பிலேயே சுட்டெடுக்க றொட்டியும் கத்தரிக்காயும்.

மொரீசியஸ்காரரும் மனைவியும், பல்லரோப் பக்கம் இருந்த என் கணவரின் ஒன்றுவிட்ட தம்பியும் பெண்சாதியும், என் சிநேகிதி. அவ்வளவுதான் விருந்தாளிகள். மரியாதைக்காகக் கடை முதலாளியிடமும் என் கணவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். முதலாளி பார்ப்போம் என்றார், நாங்கள் அதைக் கணக்கிலெடுக்கவில்லை. கதிரைகளை அயலில் இரவல் வாங்கினேன். எனக்கும் ஒன்று என்று நினைத்து எண்ணித்தான் வாங்கினேன். அந்த ஒன்றையாவது இன்றைக்கும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

எல்லாருக்கும் முதலில் அவள்தான் வந்தாள். பச்சைச் சட்டை, தலைமயிரைப் புதிதாக வெட்டிச் சுருட்டியிருந்தாள், கக்கத்தில் பிள்ளையைப்போல் ஒரு வத்தகப்பழம். என் கணவர் அப்போதுதான் கல்லடுக்கி, கடையிலிருந்து கொண்டுவந்த கம்பித்தட்டை மேலே வைத்துக் கரியை மூட்டிக்கொண்டிருந்தார். புகை நேரே கயிற்றில் கிடந்த உடுப்புகளுக்குப் போனது. அவளுக்குப் பொறுக்குமா? பழத்தைக் கீழே வைத்துவிட்டு ஒவ்வொன்றாக எடுத்து மடிக்கத் தொடங்கினாள். நான் ஓடிப்போய்க் கையிலிருந்து பறித்தேன். வீட்டுக்கு வந்த ஆளை வேலை செய்ய விடுவதா? நிழலில் ஒரு கதிரை போட்டு, மேலே தலையணை போட்டு இருத்தினேன். அவள் இருந்தாள். தன் கைப்பையைப் பக்கத்துக் கதிரையில் வைத்தாள்.

கோழி முதல் தடவை வெளியே கரி, உள்ளே பச்சை. மொரீசியஸ்காரர் நெருப்புக் கூட என்றார், என் கணவர் தயிர் கூட என்றார், இரண்டு பேரும் புகைக்குள் நின்று வாக்குவாதப்பட்டார்கள். இரண்டாம் தடவை நன்றாக வந்தது. முதல் துண்டை அவளுக்குத்தான் வைத்தேன். கடித்தாள், கண்ணால் தண்ணீர் ஓடியது, மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள், இன்னொன்று என்றாள். எனக்குத் தலைகால் தெரியவில்லை. றொட்டியைக் கொண்டுபோய் வைத்தேன், கத்தரிக்காயைத் தோலுரித்து வைத்தேன், தட்டில் வெறும் இடம் தெரியாமல் பார்த்துக்கொண்டேன். போதும் என்று அவள் தட்டின் மேல் கையை விரித்தால் விரலுக்குப் பக்கத்தால் வைத்தேன். எங்கள் வீடுகளில் போதும் என்ற சொல்லை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

ஒவ்வொரு தடவையும் அவள் பக்கத்துக் கதிரையைத் தட்டி, இரு என்றாள். இந்தத் தட்டுக் கோழி முடியட்டும் என்றேன். பிறகு றொட்டி முடியட்டும் என்றேன். பல்லரோவுக்குத் திரும்பிப் போகிறவர்களுக்குக் கடைசி பஸ் இருக்கிறது, அவர்களை முதலில் கவனித்துவிடுகிறேன் என்றேன். அவளும் அதே பஸ்ஸில்தான் போகவேண்டும் என்பது எனக்கு அந்த நேரம் யோசனையில் வரவில்லை. இடையில் என் கணவரின் தம்பி அந்தக் கதிரையில் இருக்கப் போனார். அவள் கையால் மறித்து, ஆள் இருக்கிறது என்றாள். அவர் போய் வாசற்படியில் இருந்துகொண்டார். நான் சம்பல் கிண்ணத்தோடு அதைப் பார்த்தபடியேதான் போனேன். பையைக் கீழே வைக்க மனமில்லையாக்கும் என்று நினைத்தேன்.

அப்போதுதான் முதலாளி வந்தார். நல்ல உயரமும் அதற்கேற்ற உடம்புமாக, ஒரு வைன் போத்தலோடு வளவு வாசலில் வந்து நின்றார். என் கணவர் கரிக்கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு ஓடினார். ஓடுகிறபோதே என்னைப் பார்த்து, "இஞ்சேரும், முதலாளி நிக்கிறார், அவரை இருத்தும்" என்றார்.

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தம்பி தன் கதிரையை விட்டுவிட்டு வாசற்படியில் இருக்கிறார், ஆனால் அந்தக் கதிரையில் றொட்டித் தட்டும் மாச்சட்டியும் கிடக்கின்றன. என் கண்ணில் பட்டது பை இருந்த கதிரை. போய்ப் பையைத் தூக்கினேன். கவனமாகத்தான் தூக்கினேன், ஊத்தைபடக்கூடாது என்று உள்ளே கொண்டுபோய் எங்கள் கட்டிலில் வைத்தேன். திரும்பி வந்து கதிரையை முன்றானையால் துடைத்து, முதலாளியை அவளுக்குப் பக்கத்தில் இருத்தினேன்.

அவள் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்கு உடனே விளங்கியிருக்கும். அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தன் தட்டுக்குத் திரும்பிவிட்டாள். அதற்குப் பிறகு என்னை இரு என்று சொல்லவில்லை.

முதலாளி வயிறாரச் சாப்பிட்டார். இந்த இந்தியக் கோழியைக் கடையில் போடலாம் என்றார். என் கணவர் முகத்தில் வந்த சந்தோசத்தை நான் அதற்கு முன்னர் அந்த ஊரில் கண்டதில்லை, எனக்கும் கால் நிலத்தில் படவில்லை. தேத்தண்ணி போட உள்ளே போனேன். பின்னாலேயே மொரீசியஸ்காரரின் மனைவி வந்தாள். அவளுக்குத் தமிழ் சாமி கும்பிடுகிற அளவுக்குத்தான் தெரியும், நாங்கள் இத்தாலியனில்தான் கதைப்போம். உன் சிநேகிதி என்னிடம் ஒன்று கேட்டாள் என்றாள். வேற்று ஆட்களோடு ஒன்றாய் இருந்து சாப்பிடக்கூடாது என்று உங்கள் சமயத்தில் இருக்கிறதா, அதனால்தான் அவள் என்னோடு இருப்பதில்லையா என்று கேட்டாளாம்.

நான் சிரித்துவிட்டேன். விசர்க்கதை, அப்படி ஒன்றும் இல்லையென்று சொல்லு என்றேன். கேத்திலை அடுப்பில் வைத்த பிறகுதான் சிரிப்பு நின்றது. யார் யாரோடு இருந்து சாப்பிடலாம், யாரை எங்கே இருத்திச் சாப்பாடு கொடுப்பது என்று எங்கள் ஊரில் ஒரு கணக்கு இருந்தது உண்மைதானே. உடுப்பு வெளுத்து மினுக்கிக் கொண்டுவருகிறவர்களுக்கு எங்கள் வீட்டில் எங்கே வைத்துக் கொடுத்தோம் என்பதும் எனக்குத் தெரியும். அவளுக்கு அதெல்லாம் தெரிய நியாயமில்லை. நான் இருக்காமல் விட்டது அதனால் இல்லவே இல்லை. ஆனால் அவள் இருந்த இடத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றாகத்தானே தெரியும்? அப்போதே வெளியே போய் அவள் காலடியில் நிலத்திலாவது இருந்திருக்கலாம். தேத்தண்ணி கொதித்துவிட்டது, ஊற்றிக்கொண்டு போனேன்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எல்லாரும் எழும்பினார்கள். மிச்சக் கோழியையும் றொட்டியையும் என் எவர்சில்வர் சாப்பாட்டுப் பெட்டியில் அடைத்து அவள் கையில் திணித்தேன். மற்றவர்கள் முன்னே போக, அவளோடு பஸ் தரிப்பு வரை நடந்தேன். கடற்பக்கம் இன்னும் வெளிச்சம் இருந்தது.

"நீ சாப்பிட்டியா?" என்று கேட்டாள்.

"போய்ச் சாப்பிடுவன்."

"அது உன்ரை கதிரை. உனக்கெண்டுதான் வைச்சிருந்தன்."

முதலாளி நின்றுகொண்டிருந்தாரே என்று ஏதோ சொன்னேன்.

"அவர் ஒரு நிமிசம் நிண்டார். நான் நாலு வருசமா இருந்து பாத்துக்கொண்டிருக்கிறன்."

பஸ் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை, உன் கடைசி நாள், சினோரா வீட்டில் கட்டாயம் உன்னோடு இருந்து சாப்பிடுவேன் என்று படியில் ஏறுகிறவளின் கையைப் பிடித்துச் சொன்னேன். அவள் ஓம் என்று தலையாட்டினாள். வீட்டுக்கு வந்தபோது முதலாளி போய்விட்டார். என் கணவர் மிச்சம் வைத்திருந்த கோழித்துண்டை என்னிடம் நீட்டினார். நான் அதை வாங்கித் திரும்பத் தட்டிலேயே வைத்துவிட்டேன். அவரிடம் எரிந்து விழுந்தேன், பாவம், அவர் என்ன செய்வார்.

செவ்வாய்க்கிழமை அவள் வரவில்லை. சாமான் கட்டுகிற வேலை இருக்கிறது என்று சினோராவுக்குப் போன் பண்ணியிருந்தாளாம். இருக்கலாம், ஆனால் எனக்கு அந்தக் காரணம் போதவில்லை. வெளியே போய் அட்டை போட்டுப் பேசும் போனிலிருந்து அவள் வீட்டுக்கு எடுத்தேன். தாய் எடுத்து, அவள் இல்லை என்றாள்.

வெள்ளிக்கிழமை காலையில் எனக்கு க்வெஸ்தூராவில் தவணை இருந்தது. பெர்மெஸ்ஸோ முடிகிற நேரம், அதை விட்டால் வேலையும் இல்லை, ஊரும் இல்லை. விடியவே போய் நின்றால் மத்தியானத்துக்குள் வந்துவிடலாம் என்று போட்ட கணக்கு. அங்கே யாரையும் குறை சொல்ல முடியாது, அன்றைக்குச் சனம் அவ்வளவு. வரிசையை விட்டு ஒரு போன் எடுக்கப் போகவும் பயம், பெயர் கூப்பிட்டு ஆளில்லை என்றால் திரும்பவும் தொடக்கத்திலிருந்து. சுவர் மணிக்கூட்டில் ஒரு மணி ஆவதைப் பார்த்தேன். இப்போது அவள் தட்டு வைப்பாள் என்று நினைத்தேன். இரண்டு மணி ஆவதையும் பார்த்தேன். பக்கத்தில் நின்ற பெண் ஏன் அழுகிறாய், பேப்பர் சரியில்லையா என்று கேட்டாள். பேப்பர் எல்லாம் சரி என்றேன்.

பஸ்ஸால் இறங்கி ஓடினேன், கண்மண் தெரியாத ஓட்டம். சினோராதான் கதவைத் திறந்தார். அவள் காத்திருந்து பார்த்தாள், பகேரியாவில் மாமி வீட்டில் நிற்கிற பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ரயிலைப் பிடிக்கவேண்டுமாம், இப்போதுதான் போனாள் என்றார். எவ்வளவு நேரத்துக்கு முன் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

குசினி மேசையில் இரண்டு தட்டு எதிரெதிரே இருந்தது. நடுவில் என் எவர்சில்வர் பெட்டி. வாங்கிய பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக்கூடாது என்பது எங்கள் ஊரில் மட்டுமல்ல, அங்கேயும் அப்படித்தான். அவள் வீட்டில் செய்கிற, சின்னச் சின்ன வளையங்களாக இருக்கும் பாஸ்தா, போறணையில் வைத்துச் சுட்டது, பாதிப் பெட்டி இருந்தது. மற்றப் பாதி அவள் தட்டில் சாப்பிட்டு முடிந்திருந்தது. தான் சாப்பிட்ட தட்டை அப்படியே விட்டுப் போகிறவள் இல்லை அவள், அந்த நாலு வருஷத்தில் ஒருநாளும் விட்டதில்லை. அன்றைக்குக் கழுவாமல், முள்ளுக்கரண்டியைத் தட்டிலேயே சாய்த்து, தன் கதிரையைக் கொஞ்சம் பின்னால் தள்ளியபடி விட்டுப் போயிருந்தாள். யாரோ தண்ணீர் எடுக்க எழும்பிப் போனதுபோல இருந்தது. என் பக்கத்துக் கதிரையை எனக்கு வசதியாக வெளியே இழுத்து வைத்திருந்தாள்.

நான் இருந்தேன். அந்த வீட்டில் முதல் தடவையாக. பெட்டியிலிருந்ததை என் தட்டில் போட்டேன், ஆறிப்போயிருந்தது. அவளுடைய ஊத்தைத் தட்டைப் பார்த்துக்கொண்டே மெல்ல மெல்லச் சாப்பிட்டேன். அழுதேன்தான், ஆனாலும் ஒரு வளையம் மிச்சம் விடவில்லை. அதன் பிறகு அவளை நான் காணவில்லை. அவளோடு ஒன்றாக இருந்து நான் சாப்பிட்ட ஒரே சாப்பாடு அதுதான்.

பாதியில் சினோரா எட்டிப் பார்த்து, இன்றைக்கு இன்னும் கோப்பி வரவில்லையே என்றார். பழக்கத்தில் கால் தானாக எழும்பப் பார்த்தது, நான் விடவில்லை. "தோப்போ, சினோரா" என்றேன். பிறகு. நாலு வருஷமாக அந்தச் சொல்லை நான் தவறான ஆளுக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.